மாப்பிள்ளை வரும் சத்தம்

பிச்சையா வீட்டுக் கல்யாணங்களில் மாப்பிள்ளை வந்துவிட்டார் என்று யாரும் ஓடிவந்து சொல்ல வேண்டியதில்லை. வண்டி சொல்லும். கிள்ளிப்பாலம் திருப்பத்தில் அந்தப் பழைய புல்லட் திரும்பும்போதே மண்டபத்துக்குள் இருக்கிற பெண்கள் சேலையை உதறிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். ஆரத்தித் தட்டில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேரும். நாதசுரக்காரர் டீத் தம்ளரைக் கீழே வைப்பார். வண்டி வாசலில் வந்து நிற்கும். அணைத்தவுடன் அடங்காது. இரண்டு அடி அடித்து, கொஞ்சம் யோசித்து, அப்புறம் ஒரே ஒரு அடி அடித்துவிட்டுத்தான் ஓயும். அந்தக் கடைசி அடியில் பெண்களின் குரவை எழும்.

இது சாஸ்திரத்தில் உள்ளதல்ல, குடும்ப வழக்கம். சாஸ்திரத்தைப் புரோகிதரிடம் பேசி முன்னே பின்னே தள்ளிக்கொள்ளலாம், குடும்ப வழக்கத்தை அப்படித் தள்ள முடியாது என்பது பிச்சையாவின் கட்சி.

வழக்கம் ஏற்பட்டது பிச்சையாவின் அக்காள் லீலாபாயின் கல்யாணத்தில். மாப்பிள்ளைக்கென்று அமர்த்திய கார் கரமனைப் பாலத்தில் நின்றுவிட்டது. தகப்பனார் சிவதாணு பிள்ளை யாரையும் திட்டவில்லை. தம்முடைய புல்லட்டை எடுத்துக்கொண்டு போய், மாலையும் தலைப்பாவுமாக நின்ற மருமகனைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தார். வருகிற வழியில் சைலன்சருக்குள் இருந்த உள்குழல் துருப்பிடித்துக் கழன்று எங்கேயோ விழுந்துவிட்டது. சத்தத்தை அடக்குவது அந்தக் குழல்தான். அது போன பிறகு வண்டி போட்ட சத்தத்தில் சாலைக் கம்போளச் சந்தைக் கடைக்காரர்கள் எல்லாம் எழுந்து நின்றார்கள். எதற்கு எழுந்தோம் என்று அவர்களுக்குத் தெரியாது. சிவதாணு பிள்ளை அதை மரியாதையாக எடுத்துக்கொண்டார். அந்தக் கல்யாணமும் நல்லபடியாக நிலைத்தது. அதற்குப் பிறகு அந்தச் சைலன்சருக்குள் புதுக் குழல் போட அவர் யாரையும் விடவில்லை.

பின்னால் வந்த மாப்பிள்ளைகள் எல்லாரும் அந்தச் சத்தத்தின் மேல் ஏறித்தான் வந்தார்கள். சிவதாணு பிள்ளை காலமான பின் வண்டியும் பெருங்காயக் கடையும் பிச்சையாவுக்கு வந்தன. கடையை மகன் சுனிலிடம் விட்டுவிட்டார். வண்டியை விடவில்லை. மூத்த பெண்கள் இரண்டு பேரின் மாப்பிள்ளைகளையும் அவரே ஓட்டிவந்து இறக்கினார். முதுகு வளையாமல், இடது பக்கமோ வலது பக்கமோ பார்க்காமல் ஓட்டுவார். சாமியைச் சப்பரத்தில் எடுத்து வருகிறவர்கள்கூட அவ்வளவு நேராகப் பார்ப்பதில்லை.

இப்போது கடைசிப் பெண் அஸ்வதிக்குக் கல்யாணம். வீட்டில் இனிமேல் பெண் இல்லை. அழைப்பிதழிலேயே அச்சடித்தாகிவிட்டது: மாப்பிள்ளை அழைப்பு, திங்கட்கிழமை காலை ஏழு மணி, குடும்ப வாகனத்தில். சமுதாயக் கூடத்தில் நாலு பேர் கூடின இடத்திலும் சொல்லியாகிவிட்டது. "சத்தம் கேட்ட பொறவு வந்தாப் போதும்" என்று வலியசாலைச் சொந்தக்காரர்களுக்கு அவர் தனியாக வேறு சொல்லிவைத்திருந்தார்.

மாப்பிள்ளை வினீத் கரமனைக்காரன். நாஞ்சில் நாட்டிலிருந்து இரண்டு தலைமுறைக்கு முன் வந்த குடும்பம்தான். தகப்பனார் ஆறுமுகப்பெருமாள் வங்கியில் இருந்து ஓய்வு பெற்றவர், பேச்சில் வட்டிக் கணக்குப் போடுகிற நிதானம் உள்ளவர். பையன் மோட்டார் வாகன இலாகாவில் இன்ஸ்பெக்டர். ஜாதகம் பார்த்தபோது பிச்சையா உத்தியோகத்தைப் பற்றி ஒன்றும் யோசிக்கவில்லை. வண்டி சம்பந்தப்பட்ட உத்தியோகம்தானே, நம் வண்டியின் அருமை தெரிந்தவனாக இருப்பான் என்று மட்டும் நினைத்துக்கொண்டார்.

நிச்சயதார்த்தம் முடிந்த அடுத்த ஞாயிற்றுக்கிழமை வினீத் வீட்டுக்கு வந்தான். காப்பி குடித்து முடித்ததும் பிச்சையா அவனை வாசலுக்கு அழைத்துப்போனார். வண்டியின் மேல் போர்த்தியிருந்த வேட்டியை உருவிக் காட்டினார். ஆம்பியர் மீட்டரின் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்தி, ஒரு நொடி நிறுத்தி, ஒரே உதை. தெருவில் காக்கைகள் கிளம்பின. எதிர்வீட்டு அம்மிணி ஜன்னலைச் சாத்தினாள். அவள் சாத்துவது எப்போதும் உள்ளதுதான்.

வினீத் கையைக் கட்டிக்கொண்டு கேட்டான். அவன் முகத்தில் கல்யாணக் களை போய் உத்தியோகக் களை வந்தது. பிச்சையா அணைத்தார். வண்டி இரண்டு அடி அடித்து, யோசித்து, ஒன்று அடித்தது.

"எப்படி இருக்கு?" என்றார் பிச்சையா.

"நல்ல வண்டி மாமா."

"பின்னே?"

"ஆனா இதுல ஏறி நான் வர முடியாது மாமா."

பிச்சையா வேட்டியை எடுத்து வண்டியின் மேல் போர்த்தினார். மேற்கொண்டு பேசப்படும் பேச்சு வண்டியின் காதில் விழ வேண்டாம் என்பதுபோல் இருந்தது.

"சொல்லுங்க மாப்பிள்ளை."

"இதுல பாதி சத்தம் போடுக வண்டிய எல்லாம் நான் ரோட்டுல நிறுத்திப் பிடிச்சிட்டு இருக்கேன். நான் பிடிச்ச பயலுவ எல்லாம் கல்யாணத்தன்னைக்கு ரோட்டோரத்துல போனும் கையுமா நிப்பான். பொறவு நான் தொப்பி வச்சு வேல பாக்க முடியுமா?"

பிச்சையா யோசித்தார். நியாயம்தான். தன் பிழைப்பின் மரியாதையைப் பார்க்காதவன் மாமனார் வீட்டு மரியாதையையும் பார்க்கமாட்டான். ஆனாலும் அழைப்பிதழ் அச்சடித்தாகிவிட்டதே.

"கார்ல வருவீயளோ?" என்றார். பாடையில் வருகிறாயா என்று கேட்டதுபோல் இருந்தது.

"வேண்டாம் மாமா. வண்டியிலயே வாறேன். சத்தத்த மட்டும் சட்டத்துக்குள்ள கொண்டுவாங்க. சட்டத்துல உள்ள அளவு எவ்வளவோ அவ்வளவு சத்தம் போடட்டும், நான் தலைய நிமிர்த்திட்டு வாறேன். அப்புறம், ரெண்டு பேருக்கும் ஹெல்மெட் வேணும்."

"தலப்பாவுக்கு மேலயா?"

"தலப்பாவுக்குப் பதிலா."

பிச்சையா உள்ளே போய் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். அடுக்களையில் இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மனைவி வடிவாம்பாள், "இஞ்சேருங்க, பையன் முகத்துக்கு நேரேதான் சொல்லுகான். நல்ல பையன்" என்றாள்.

"நல்ல பையன் இல்லன்னு நான் சொன்னேனா? நல்லவனா இருக்கதுதான் தொந்தரவு" என்றார் பிச்சையா.

மறுநாளே வண்டி கரமனையில் சுதீஷின் பட்டறைக்குப் போயிற்று. சுதீஷ் பழைய புல்லட்டுகளை மட்டும் பார்க்கிறவன். கழக்கூட்டத்து ஐ.டி. பையன்கள் நல்ல வண்டியைக் கொண்டுவந்து சத்தம் கூட்டித் தரச் சொல்லி வரிசையில் நிற்பார்கள். சத்தத்தைக் குறைக்கச் சொல்லி அவனிடம் வந்த முதல் ஆள் பிச்சையாதான்.

"அண்ணாச்சிக்கு சொகமில்லையா?" என்று கேட்டான்.

"எனக்கு ஒண்ணுமில்ல. மருமவன் இன்ஸ்பெக்டரு."

"ஐயோ பாவம்" என்றான் சுதீஷ். யாரைச் சொன்னான் என்று தெரியவில்லை.

"இதப் பாரு சுதீஷே, உரக்க வேண்டாம். ஆனா கனம் குறையக் கூடாது. சத்தம் சின்னதா இருக்கணும், ஆளு பெருசா இருக்கணும்."

"அண்ணாச்சி, சட்டம் பறையுறதும் உரக்க வரக் கூடாதுன்னு தான். கனத்துக்குத் தனி அளவு இல்ல. கனம் வேணும்னா உரக்கத்தான் வரும். ரெண்டும் ஒரே குழல் வழியாத்தானே வருது?"

ஆனாலும் சுதீஷ் முயன்றான். முதலில் புதுச் சைலன்சர் ஒன்றைப் போட்டு அனுப்பினான். வீட்டு வாசலில் வைத்து வண்டியைக் கிளப்பியதும் வடிவாம்பாள் அடுக்களையில் இருந்து, "அஸ்வதீ, மிக்ஸிய நிறுத்து, தேங்கா மை ஆயிரும்" என்று கூப்பிட்டாள். அந்தச் சைலன்சர் அன்றைக்கே திரும்பிப் போயிற்று.

இரண்டாவது, பழைய சைலன்சருக்குள்ளேயே உள்குழல் செய்து, அதைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சைத் திணித்தது. பார்க்கப் பழையபடியே இருந்தது. சத்தம் மட்டும் பெரிய மனிதர் ஒருவர் இருமலைத் துண்டால் பொத்திக்கொண்டதுபோல் வந்தது. பிச்சையாவுக்கு இது பிடித்திருந்தது. இருமலென்றாலும் பெரிய மனிதர் இருமல். சாயங்காலம் வினீத் தன் அளவு பார்க்கும் கருவியோடு வந்து, வண்டிக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்து நீட்டினான். பெண் வீட்டார் எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றார்கள். மூச்சும் கணக்கில் சேர்ந்துவிடுமோ என்று ஒரு பயம்.

"கூடுதலா இருக்கு மாமா."

"எவ்வளவு?"

"கொஞ்சம்தான்."

"கொஞ்சம்னா விட்டுரக் கூடாதா?" என்று சுனில் இடையில் புகுந்தான்.

பிச்சையா மகனைத் திரும்பிப் பார்த்தார். "வாய மூடுலே. அவரு நமக்காகக் கொஞ்சம் விட்டா, ஊருக்காக எவ்வளவு விடணும்? இந்த வீட்டுக்கு வந்துதான் அவரு விடப் படிச்சாருன்னு பேரு வரணுமா?"

வினீத் கருவியைப் பையில் வைத்துக்கொண்டான். அவன் முகத்தைப் பார்த்தால், பெண்ணைப் பிடித்ததைவிட மாமனாரைக் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்துவிட்டதுபோல் இருந்தது.

மூன்றாவது முறை பட்டறைக்குப் போனபோது சுதீஷ் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, மேசைக்கடியில் இருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தான். உள்ளே சின்ன விசை ஒன்றும் கம்பி ஒன்றும் இருந்தன.

"அண்ணாச்சி, இத ஹேண்டில் பார்ல வச்சுத் தருவேன். ஒரு தள்ளு தள்ளினா சத்தம் பஞ்சு வழியாப் போகும், பூனை போல. திரும்பத் தள்ளினா பஞ்சுக்குப் போகாம நேரா வெளிய வரும். அப்போ சாட்சாத் சிவதாணு அண்ணாச்சி வாறது போல இருக்கும். இன்ஸ்பெக்டர் அளக்கப்போ பூனை. கிள்ளிப்பாலம் திருப்பத்துல புலி. ஆரும் அறிய மாட்டாங்க."

பிச்சையா அந்த விசையைக் கையில் வாங்கிப் பார்த்தார். நல்ல வேலைப்பாடு. ஒரு விரலால் தள்ளினால் தகப்பனார் வந்துவிடுவார். அஸ்வதிக்கும் அக்காள்களுக்கு வந்த சத்தமே வரும். அழைப்பிதழில் அச்சடித்தது பொய்யாகாது. விரல் ஒருமுறை தள்ளியும் பார்த்தது. பிறகு பொட்டலத்தை மடித்து மேசைமேல் வைத்தார்.

"பின்னால உக்காந்து வாறது ஆரு? மருமவன். ஒருத்தர முதுகுக்குப் பின்னால ஏமாத்துறதே தப்பு, இது அவரு முகத்துக்கு முன்னால வச்சே ஏமாத்துறது. மாப்பிள்ளைய ஏமாத்தி மண்டபத்துக்குக் கூட்டிட்டுப் போற வழக்கம் எங்க குடும்பத்துல இல்ல. பஞ்ச இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளு."

"தள்ளினா ஒண்ணும் கேக்காது அண்ணாச்சி."

"தள்ளுவே."

சுதீஷ் தள்ளினான். வினீத் அளந்தான். சரியாக இருந்தது. "இது போதும் மாமா" என்று சந்தோஷமாகச் சொன்னான். வண்டி ஓடிக்கொண்டிருந்தது என்பதைக் கையை வைத்துப் பார்த்துத்தான் மற்றவர்கள் தெரிந்துகொண்டார்கள். அணைத்தபோது அது அடித்த அடிகள் எவை என்று யாராலும் எண்ண முடியவில்லை.

இனி ஒன்றுதான் பாக்கி. லீலாபாயிடம் சொல்ல வேண்டும். குரவையை எடுத்துக் கொடுக்கிறவள் அவள்தான். எண்பதை நெருங்குகிறாள். முழங்கால் இரண்டும் போய்விட்டன, காதும் பாதி போய்விட்டது, தொண்டை மட்டும் அப்படியே இருக்கிறது. அவள் நாக்கை அசைக்காமல் அந்தக் குடும்பத்தில் வேறு பெண்கள் வாயைத் திறப்பதில்லை. அந்த வண்டியில் மண்டபத்துக்கு வந்த முதல் மாப்பிள்ளை, அவள் கணவர், பிச்சையாவின் அத்தான், போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. அவர் வந்த சத்தம் இருக்கிறது என்பாள். ஒவ்வொரு கல்யாணத்திலும் அந்தச் சத்தம் கேட்டுத்தான் எழுந்திருப்பாள்.

அவளே போனில் கூப்பிட்டாள்.

"எலேய் பிச்ச, வண்டி ரெடியா?"

"ரெடிக்கா."

"சத்தம்?"

பிச்சையா சுவரைப் பார்த்தார். சுவரில் தகப்பனார் படம் இருந்தது. அதற்குப் பக்கத்துச் சுவரைப் பார்த்தார்.

"இருக்கு" என்றார்.

போனை வைத்ததும் வடிவாம்பாள் பிடித்துக்கொண்டாள். "மயினிகிட்ட உள்ளதச் சொல்லிருக்கலாம்லா?"

"உள்ளதத்தான் சொன்னேன். சத்தம் இல்லாமலா இருக்கு? கருவியில முள்ளு அசைஞ்சத நீ பாக்கலியா?"

"அவுகளுக்குக் கேக்கணுமே."

"நல்ல வண்டி வந்தா கேக்கும்" என்றார் பிச்சையா. அதை அவரே நம்பவில்லை. ஆனால் சத்தம் போயிற்று என்று லீலாபாயிடம் சொல்வதைவிட அதை நம்புவது சுலபமாக இருந்தது.

திங்கட்கிழமை விடிந்தது. ஏழரைக்கு ராகுகாலம். அதற்கு முன் மாப்பிள்ளை மண்டபத்துக்குள் கால் வைத்துவிட வேண்டும். மணி ஏழுக்கு, அழைப்பு புறப்படுகிற வலியசாலைக் கோயில் வாசலில் வினீத் பட்டுவேட்டியும் ரோஜா மாலையுமாக வந்து நின்றான். தலையில் வெள்ளை ஹெல்மெட். அவன் தாயாருக்கு மனசு கேட்காமல் ஹெல்மெட்டின் நெற்றியில் சந்தனம் வைத்து, சுற்றிலும் ஒரு முழம் பிச்சிப்பூவைக் கட்டியிருந்தாள். பிச்சையாவும் ஹெல்மெட் போட்டுக்கொண்டார். உலகம் கொஞ்சம் தள்ளிப்போனதுபோல் இருந்தது அவருக்கு. ஆம்பியர் முள், ஒரு நொடி, ஒரே உதை. பின்னால் ஆறுமுகப்பெருமாளும் மற்றவர்களும் கார்களில் ஏறிக்கொண்டார்கள்.

வண்டி கிளம்பியது. சாலைக் கம்போளத்தின் பக்கம் ஒரு கடைக்காரரும் எழுந்திருக்கவில்லை. வெற்றிலைக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தவர் பிரித்துக்கொண்டே இருந்தார். பிச்சையாவுக்கு முன்னால் சைக்கிளில் போய்க்கொண்டிருந்த ஒருவர், பின்னால் மாப்பிள்ளை வருகிறார் என்பதே தெரியாமல் நடு ரோட்டில் நிதானமாகப் போனார். பிச்சையா ஹார்னைத் தேடினார். அந்த வண்டிக்கு ஹார்ன் எங்கே இருக்கிறது என்று தேட வேண்டிய அவசியம் அதுவரை வந்ததில்லை. கண்டுபிடித்து அழுத்தினார். சைக்கிள்காரர் திரும்பிப் பார்த்து, "அம்பம்போ, இது எப்போ வந்நு?" என்று மலையாளத்தில் வியந்தார்.

ரோட்டோரத்தில் போனும் கையுமாக இரண்டு பயல்கள் நின்றிருந்தார்கள். படம் பிடிக்க ஒன்றும் அகப்படாமல் ஒருவன் போனைப் பையில் போட்டான். அதைப் பார்த்து வினீத் பின்னால் இருந்து, "ரொம்ப நன்றி மாமா" என்றான்.

கிள்ளிப்பாலம் திருப்பம் வந்தது. திரும்பினார். மண்டபம் தெரிந்தது. வாழைமரம் கட்டியிருந்தது, வாசலில் கோலம் போட்டிருந்தது, கோலத்தின் மேல் ஆள் இல்லை. காவல்காரர் மட்டும் நாற்காலியில் இருந்து எழுந்து வந்தார். பூச்சுற்றிய ஹெல்மெட்டைக் கொஞ்சம் பார்த்தார்.

"பார்க்கிங் பொறகிலாணு, சாரே" என்று மண்டபத்தின் பின்பக்கத்தைக் காட்டினார்.

"இது மாப்பிள்ளை" என்றார் பிச்சையா.

"ஆயிக்கோட்டே. பைக் ஒக்கே பொறகில்." யாராக இருந்தாலும் பைக் எல்லாம் பின்னால்தான் என்பது அவர் கட்சி.

பிச்சையா அசையவில்லை. வண்டியை அணைத்தார். அது ஒரு பெருமூச்சு விட்டதுபோல் அடங்கியது. உள்ளே பாத்திரம் உருட்டுகிற சத்தம், நாற்காலி இழுக்கிற சத்தம், யாரோ சிரிக்கிற சத்தம் எல்லாம் கேட்டன. நாதசுரக்காரர் ஜன்னலோரமாக டீ குடித்துக்கொண்டிருந்தார். அவர் தம்ளரைக் கீழே வைக்கவில்லை.

குரவையும் ஆரத்தியும் இல்லாமல் மாப்பிள்ளை வண்டியை விட்டு இறங்கக் கூடாது. மாப்பிள்ளை இறங்காமல் ஓட்டிவந்தவர் இறங்கக் கூடாது. அதுவும் வழக்கம். ஆகையால் இரண்டு பேரும் ஹெல்மெட்டோடு வண்டியின் மேலேயே உட்கார்ந்திருந்தார்கள். பின்னால் கார்கள் வந்து நின்றன. ஆறுமுகப்பெருமாள் இறங்கி வந்தார். காலியான வாசலைப் பார்த்தார், கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"என்ன சம்பந்தி, நாங்க நாள மாத்தி வந்திட்டமோ?"

சொன்ன விதம் மெதுவாகத்தான் இருந்தது. பிச்சையாவின் முதுகில் அது ஆணிபோல் இறங்கியது. பெண்ணெடுத்தவர்களை வாசலில் காக்கவைத்த வீடு என்று ஒரு பேர் வந்தால் அது அஸ்வதியோடு கரமனைக்குப் போகும், அங்கேயே தங்கும்.

"சுனிலே!" என்றார்.

காரில் வந்த சுனில் உள்ளே ஓடினான். போன வேகத்தைவிட மெதுவாகத் திரும்பி வந்தான்.

"எங்கலே அத்த?"

"முன் வரிசையில இருக்கா. மாப்பிள்ளை வந்தாச்சுன்னு சொன்னேன். இல்ல, வரல்லங்கா."

"வரல்லியா? நான் ஆருவே இங்க?"

"சொன்னேன்ப்பா. வண்டி வந்தா எனக்குக் கேக்கும், நீ ஆரலே எனக்குச் சொல்ல வாறதுன்னு கேக்கா. அம்மையும் சொல்லிப் பாத்தாச்சு. அத்தான் வந்த சத்தம் கேக்காம ஆரத்தி சுத்த மாட்டேன்னு தட்ட மடியில வச்சிட்டு உக்காந்திருக்கா. மத்த பொம்பளைய எல்லாம் அவ முகத்தப் பாத்திட்டு நிக்கி."

"தூக்கிட்டு வால."

"அத்தையவா?"

பிச்சையா ஹேண்டில் பாரை இறுக்கிப் பிடித்தார். சுனில் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "ஏழரைக்குக் கொஞ்ச நேரம்தான் இருக்குப்பா. சைலன்சர அப்படியே கழட்டிருவமா? ரெண்டு போல்ட்டுதான்" என்று கிசுகிசுத்தான்.

"பின்னால இன்ஸ்பெக்டரு இருக்காரு" என்றார் பிச்சையா.

"மாமா, நான் வேணா இறங்கி நடந்தே..." என்று வினீத் ஆரம்பித்தான்.

"உக்காருங்க மாப்பிள்ளை."

பிச்சையா வண்டியை மறுபடி உதைத்து, ஆக்ஸிலேட்டரைக் கடைசிவரை முறுக்கிப் பார்த்தார். சுதீஷின் பஞ்சு உழைத்தது. காவல்காரர்கூடத் திரும்பவில்லை. அணைத்தார்.

பிச்சையா வாழ்நாளில் ஒருமுறைகூட விசிலடித்தவர் அல்ல. கோயிலில் பஜனை நடந்தால் கையைக்கூடத் தட்டாமல் நிமிர்ந்து நிற்பார். குழந்தைகளைக் கொஞ்சும்போதும் முழு வாக்கியத்தில்தான் கொஞ்சுவார். அவர் நேராக முன்னால் பார்த்துக்கொண்டு கேட்டார்:

"மாப்பிள்ளை, நிக்குற வண்டியில ஹெல்மெட்டக் கழட்டலாமா?"

"கழட்டலாம் மாமா."

கழற்றினார். பெட்ரோல் டாங்கின் மேல் வைத்தார். தொண்டையைச் செருமினார். இரண்டு கையையும் ஹேண்டில் பாரில் வைத்துக்கொண்டார். முதுகு கொஞ்சமும் வளையவில்லை. பிறகு, கிள்ளிப்பாலம் திருப்பத்தில் வண்டி திரும்பும்போது எப்படி வருமோ அப்படி, அடிவயிற்றில் இருந்து ஆரம்பித்தார்.

"டுக்... டுக்... டுக்... டுக்..."

காவல்காரர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். ஆறுமுகப்பெருமாள் கடிகாரத்தில் இருந்து தலையை எடுத்தார்.

பிச்சையா மூச்சை இழுத்துக் கியரை மாற்றினார். "டுகுடுகுடுகுடுகு" என்று ரோடு நெடுக வந்தார். பலகாரக்கடைப் பக்கம் ஒரு பள்ளம் உண்டு, அங்கே சத்தம் ஒருமுறை எகிறி இறங்கும். எகிறி இறங்கினார். முகம் செம்பருத்தியாகச் சிவந்தது. வாசலை நெருங்கும்போது சத்தம் அகலமாகும், மண்டபத்துச் சுவரில் மோதித் திரும்பி வரும். அந்தத் திரும்பி வருவதையும் அவரே சேர்த்துப் போட்டார். வினீத் பின்னால் இருந்து போனில் ஒரு செயலியைத் திறந்து பார்த்துவிட்டு மெல்லச் சொன்னான்:

"மாமா, அளவு கொஞ்சம் கூடுது."

"டுகுடுகு... சட்டத்துல பிரிவு உண்டா?... டுகுடுகு..."

"மனுசனுக்கு இல்ல மாமா. போடுங்க."

நாதசுரக்காரர் டீத் தம்ளரைக் கீழே வைத்தார். உள்ளே நாற்காலி இழுக்கிற சத்தம் நின்றது. பிச்சையா வேகத்தைக் குறைத்து, வாசலில் வந்து நின்று, சாவியைத் திருப்பினார். சாவி ஏற்கெனவே திருப்பித்தான் இருந்தது, ஆனாலும் திருப்பினார்.

"டுக். டுக்."

யோசித்தார். வண்டி எவ்வளவு யோசிக்குமோ அவ்வளவு.

"டுக்."

குரவை எழுந்தது. முதலில் ஒற்றைத் தொண்டை, கிழவித் தொண்டை, அரம் போட்டதுபோல். அதன் பின்னால் மற்றத் தொண்டைகள் எல்லாம். மேளம் அதற்குள் விழுந்தது. லீலாபாய் இரண்டு பெண்கள் தாங்க, கையில் ஆரத்தித் தட்டோடு வாசலுக்கு வந்தாள். தட்டைச் சுற்றினாள். மாப்பிள்ளையின் ஹெல்மெட்டில் இருந்த சந்தனத்துக்கு மேலேயே ஒரு பொட்டு வைத்தாள். பிறகு வண்டியின் சைலன்சரைப் பார்த்தாள். தம்பியின் முகத்தைப் பார்த்தாள். அவர் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார், ஆனால் நேராகத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வண்டிக்கு வயசாயிட்டு, பிச்ச" என்றாள். "மூச்சு இளைக்குது."

"ஆமாக்கா" என்றார் பிச்சையா.

"ஆனா சத்தம் அதேதான்."

அவள் தட்டைக் கொட்டிவிட்டு உள்ளே போனாள். வினீத் இறங்கி, ஏழரைக்கு முன்னால் வலது காலை எடுத்து வைத்தான். அதற்குப் பிறகு பிச்சையா இறங்கினார். காவல்காரர் வண்டியைத் தாமே உருட்டிக்கொண்டு போய்ப் பின்பக்கம் நிழலில் நிறுத்தினார்.

சாப்பாட்டுப் பந்தி முடிந்தபின் பிச்சையா ஒரு மூலையில் உட்கார்ந்து, வடிவாம்பாள் கொடுத்த சுக்குக் கஷாயத்தைக் குடித்துக்கொண்டிருந்தார். குரல் வெளியே வரவில்லை. தம்ளர் காலியானதும் அவள் வாங்கி மறுபடி நிரப்பினாள். ஆறுமுகப்பெருமாள் வெற்றிலைத் தட்டோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். காலையில் கடிகாரத்தைப் பார்த்த மனிதர் இப்போது பிச்சையாவையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சம்பந்தி, அடுத்த வருசம் என் தங்கச்சி மகளுக்குக் கல்யாணம். எங்க பக்கத்துலயும் இப்படி ஒண்ணு செஞ்சா நல்லா இருக்கும்னு தோணுது. வண்டி கிடைக்குமா?"

பிச்சையா கஷாயத்தைக் கீழே வைத்தார். தொண்டையைத் தயார் செய்துகொண்டு, காற்றும் குரலும் பாதிப் பாதியாகச் சொன்னார்:

"வண்டி தாறேன், தாராளமா எடுத்துட்டுப் போங்க. சத்தம் தர முடியாது. அது குடும்பத்துக்கு உள்ளது."